மக்காபா படகு மாதிரி ஒரு ரூம்

அக்கா, மெதுவாத்தான் பேசுறேன், சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேளு. எதிவான் அண்ணன் பக்கத்துத் தூளியில தூங்குறான். ஆமாக்கா, இந்த நேரத்துல, குறட்டை விட்டுத் தூங்குறான். நீ மக்காபாவுக்கு வேலைக்குப் போனப்புறம் இந்த வீட்ல நடக்காத அதிசயம் இது.

எனக்குத்தான் தூக்கம் வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை காலேஜ் நுழைவுப் பரீட்சை, அவனுக்கும் எனக்கும். ஆனா இன்னிக்கு நடந்ததை உன்கிட்ட சொல்லாம படுத்தா தலை வெடிச்சிடும். அம்மாகிட்ட சொல்ல முடியாது, ஏன்னு கேட்டுட்டே வா, புரியும்.

போன வருஷம் அண்ணன் காலேஜ் நுழைவுப் பரீட்சைக்குப் போயிட்டு வந்து, சீக்கிரமே முடிச்சிட்டேன்னு சொன்னான்ல? முடிக்கலக்கா. பாதியில பயம் பிடிச்சு, பேனாவைக் கீழ வச்சிட்டு, எழுந்து வெளிய வந்துட்டான். பஸ் ஸ்டாப்புல உக்காந்து நேரத்தைக் கழிச்சிட்டு வீட்டுக்கு வந்திருக்கான். அதே ஹால்ல எழுதின என் டியூஷன் தோழி ராயிஸா தான் என்கிட்ட சொன்னா. அவ கதையும் அப்படித்தான், ஒவ்வொரு மாதிரிப் பரீட்சைக்கும் முன்னாடி பாத்ரூம் போய் வாந்தி எடுத்துட்டு வந்து தான் உக்காருவா. எங்க குவாமா பேட்டை டியூஷன்ல பாதிப் பேர் அந்த மாதிரி தான். பகல்ல கடையில நிப்பாங்க, சாயங்காலம் வந்து படிப்பாங்க, ராத்திரி முழுக்க முழிச்சிக்கிட்டுக் கிடப்பாங்க.

டியூஷன் நடக்குற இடம் உனக்குத் தெரியும், மீன் சந்தைக்குப் பின்னாடி அந்தப் பழைய வீடு. அதுல பின்பக்கம் உடைஞ்ச நாற்காலி போட்டு வச்சிருந்த ரூம் ஒண்ணு உண்டு. நான் பாலிடெக்னிக்ல கட்டட டிசைன் தானே படிக்கிறேன், லிந்தால்வா டீச்சர்கிட்ட போய் அந்த ரூமைக் குடுங்க, எல்லாரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுற மாதிரி ஒரு இடம் பண்ணித் தரேன்னு கேட்டேன். டியூஷனையே நடத்துறவங்க அவங்க தான். ரொம்ப யோசிச்சாங்க. புதுப் பசங்க இருபது பேர் வெளிய காத்திருக்காங்க, அவங்களுக்கு பெஞ்ச் போட இடம் வேணும்னாங்க. கடைசியா, "சரி, கடைசி மாதிரிப் பரீட்சை வரைக்கும் வச்சுக்கோ தாய்னாரா. அதுக்குள்ள அந்த ரூமால ஒருத்தனுக்காவது நல்லது நடந்துச்சுன்னு எனக்குக் காட்டு. இல்லன்னா பெஞ்ச் தான்"னாங்க.

யாருக்கு நல்லது நடக்கணும்னு நான் நினைச்சேன்னு உனக்குச் சொல்ல வேண்டாம்.

என் கிளாஸ் வெண்டெலும் நானும் சேர்ந்து ஆரம்பிச்சோம். ஃபோன்ல படம் பார்த்தோம்கா, எந்த ஊர்னே தெரியாது, எல்லாம் பளிச்னு வெள்ளை ரூம். நாங்களும் வெள்ளை அடிச்சோம். தகரக் கூரையில மழை விழுந்தா காது கிழியும்னு சீலிங் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, அது மேல தெர்மோகோல் வச்சோம். முன்னாடி அதுல குடியிருந்தவங்களும் நம்மள மாதிரி கட்டிலுக்குப் பதிலா தூளி கட்டித் தூங்கினவங்க தானே, சுவத்துக்குச் சுவர் தூளிக் கொக்கி துருத்திக்கிட்டு இருந்துச்சு. வெண்டெல், "இதைப் பார்த்தா எங்க சித்தி வீட்டுச் சமையக்கட்டு மாதிரி இருக்கு, மூடிடலாம்"னான். மூடி சிமெண்ட் பூசிட்டோம். தரையில மூட்டை மாதிரி உக்கார்ற பை, மூலையில ஒரு கள்ளிச்செடி, லாவெண்டர் ஸ்ப்ரே, கதவுல 'பேசாதீர்கள்'னு ஒரு பலகை. முடிச்சிட்டுப் பார்த்தா, நிஜமாவே ஃபோன்ல பார்த்த படம் மாதிரியே இருந்துச்சு. அன்னிக்கு என் கால் தரையில படல.

எல்லாரும் வந்தாங்க. உக்காந்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. மறுநாள்லேர்ந்து ஒருத்தரும் வரல. ராயிஸா மட்டும் வந்து, உள்ள உக்காந்தா டாக்டர் கூப்பிடுறதுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்குடின்னு சொல்லிட்டுப் போனா. அண்ணனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வச்சேன். கொஞ்ச நேரத்துல எழுந்துட்டான். என்னடான்னேன்.

"இங்க வேற எந்தச் சத்தமும் இல்ல. என் மண்டைக்குள்ள ஓடுறது மட்டும் மைக் வச்ச மாதிரி கேக்குது"ன்னான்.

லிந்தால்வா டீச்சர் வேற வாசல்ல நின்னு பார்த்தாங்க. உன் சொந்த அண்ணனே உள்ள உக்கார மாட்டேங்கறான், கள்ளிச்செடி மட்டும் நல்லா ரிலாக்ஸா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வெண்டெல் சிரிச்சான். நான் அவன்கூட நாள் பூரா பேசல.

அப்புறம் தான் அந்த மழை. நம்ம பெலெம் மழை தெரியும்ல, மத்தியானம் வேலைக்கு வர்ற மாதிரி கரெக்டா வரும். அன்னிக்கு வழக்கத்தை விடப் பெருசா வந்துச்சு. தகரத்துல எங்கயோ ஓட்டை இருந்திருக்கு. முட்டை அட்டை தண்ணியைக் குடிச்சு குடிச்சு உப்பிப்போய், தெர்மோகோலோட மொத்தமா கீழ விழுந்துச்சு. நான் ஓடிப்போய்ப் பார்த்தா, வெள்ளை ரூம் முழுக்கக் கஞ்சி மாதிரி அட்டைக்கூழ். அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்கா. அட்டை போயி வெறும் தகரம் ஆனதால மழை தலைமேலேயே கொட்டுற மாதிரி ஒரே இரைச்சல், நான் அழறது எனக்கே கேக்கல.

அண்ணன் என்னைத் தேடிக்கிட்டு வந்தான். ஆறுதல் சொல்லப்போறான்னு பார்த்தேன். நனையாத மூலையாப் பார்த்து வெறும் தரையில படுத்துட்டான். கையைத் தலைக்கு வச்சுக்கிட்டான். நான் கண்ணைத் துடைச்சிட்டுத் திரும்பிப் பார்க்குறேன், வாயைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். மாசக்கணக்கா ராத்திரியில பாத்ரூம் லைட்டைப் போட்டு உக்காந்திருக்கிறவன்கா அவன். நான் அசையவே இல்ல. மழை நின்னதும் தான் முழிச்சான். முழிச்சு, "அக்காவைப் பார்க்கப் போற படகுல தூளி கட்டிப் படுத்திருக்கேன்னு நினைச்சேன்"னான்.

அவ்வளவு தான். எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. மழைச் சத்தத்தை அடைச்சு வச்சு, கொக்கியைப் பூசி மறைச்சு, நாங்க தூங்குற வழியை எல்லாம் நாங்களே மூடி வச்சிருக்கோம். நம்ம ஊர்ல பொறந்து வளர்ந்தவங்களுக்கு மட்டும் தான் இப்படிப் பண்ணத் தோணும், மழையை நாள் தவறாமக் கேட்டுக் கேட்டு அது வெறும் இரைச்சல்னு நினைச்சிட்டோம்.

மறுநாளே சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். ஓட்டையை அடைச்சோம், அட்டையை ஒட்டல. அவங்கவங்க வீட்டுத் தூளியை எடுத்துட்டு வரச் சொன்னேன். பூப்போட்டது, கிழிஞ்சது, அழுக்கு போகாதது, எல்லாம் வந்துச்சு. ராயிஸா துறைமுகச் சந்தையில வெட்டிவேர்க் கட்டு வாங்கிட்டு வந்து மாட்டினா, லாவெண்டர் ஸ்ப்ரே குப்பைக்குப் போச்சு. வெண்டெல் மட்டும் தூளிக்குத் தூளி நல்லா இடம் விட்டுக் கட்டணும்னு அடம்பிடிச்சான், ஒவ்வொருத்தருக்கும் தனி இடம் வேணுமாம், எங்க பாடத்துல அப்படித்தான் இருக்காம். கட்டிப் பார்த்தோம். தனித்தனியாத் தொங்கிக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் தான், படகுல யாருடா இப்படிக் கட்டுவான்னு எழுந்து எல்லாத்தையும் நெருக்கிக் கட்டினான். இடிச்சிக்கிட்டு. ஒருத்தர் சுவத்தைக் காலால உந்தினா, அந்த ஆட்டம் பக்கத்துல இருக்கிறவருக்குப் போய், அடுத்தவருக்குப் போய், மூலை வரைக்கும் போகும்.

'பேசாதீர்கள்' பலகையை எடுத்துட்டோம். பேசலாம், பரீட்சையைப் பத்தி மட்டும் பேசக்கூடாதுன்னு வச்சோம். அதனால என்னென்னமோ பேசினாங்க. அசாய்ப் பழக் கூழுக்கு வறுத்த மீன் சரியா, காஞ்ச இறால் சரியான்னு ஒரு வாரம் சண்டை ஓடுச்சு. இடம் இல்லாம ஆளுங்க வாசல்ல காத்து நின்னாங்க. லிந்தால்வா டீச்சர் எட்டிப் பார்த்து, "இது டியூஷனா, மக்காபா படகா? டிக்கெட் எங்க வாங்கணும்?"னாங்க. சிரிக்கல. கடைசி மாதிரிப் பரீட்சைக்குப் புது பெஞ்ச் வந்து இறங்கும்னு மட்டும் ஞாபகப்படுத்திட்டுப் போனாங்க.

அந்தப் பரீட்சை தான் இன்னிக்கு. நான் காலையில போனப்பவே முற்றத்துல பெஞ்ச் எல்லாம் அடுக்கி வச்சிருந்துச்சு. வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகம் இல்ல. மழையை நம்பித் தானே இருந்தேன். நிஜமான பரீட்சை மாதிரியே மத்தியானத்துல ஆரம்பிச்சாங்க, கேட்டையும் பூட்டினாங்க. அண்ணன் எனக்கு முன் வரிசையில, அவனுக்கு முன்னாடி ராயிஸா.

முதல்ல நல்லாத்தான் போச்சு. கட்டுரைக்கு வந்தப்போ அண்ணன் பேனாவைக் கீழ வச்சான். கையை மேசைக்கு அடியில இறக்கினான். பின்னாலேர்ந்து அவன் கழுத்து வேர்க்கிறது எனக்குத் தெரியுது. அவ்வளவு தான், எழுந்துடப் போறான்னு நினைச்சேன். என் தாள்ல ஒரு எழுத்து ஓடல. டீச்சரும் பார்த்துட்டாங்க.

அப்போ அவன் கால் அசைஞ்சுச்சுக்கா. சுவத்தை உந்துற மாதிரி, ராயிஸாவோட நாற்காலிக் காலை மெதுவா உந்தினான். தெரிஞ்சு பண்ணலன்னு தான் நினைக்கிறேன். நாற்காலி ஒரு கிறீச். நிறுத்தினான். ராயிஸா திரும்பிப் பார்க்கல. எழுதிக்கிட்டே முதுகைப் பின்னால சாய்ச்சு, நாற்காலியால அவன் மேசையை ஒரு தட்டு தட்டினா. அவன் மறுபடி உந்தினான். அவ மறுபடி தட்டினா. பக்கத்து வரிசையில யாரோ ஆட ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதுக்குப் பின்னாடி. கொஞ்ச நேரத்துல அந்த ஹால்ல பாதி நாற்காலி கிறீச் கிறீச்னு ஆடுது, தலை நிமிராம எல்லாரும் எழுதுறாங்க. நானும் ஆடினேன்.

அண்ணன் பேனாவை எடுத்தான்.

மணி அடிச்சப்போ கடைசியா தாளைக் குடுத்தது அவன் தான். நாலு பக்கமும் எழுதியிருந்தான். டீச்சர் அதை வாங்கி, புரட்டிப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. முற்றத்துக்குப் போய், பெஞ்சை எல்லாம் முன் வராந்தாவுல போடுங்க, புதுப் பசங்க காத்து வாங்கிக்கிட்டுப் படிக்கட்டும்னு சொன்னாங்க. எங்க கத்தல் மீன் சந்தைக்கே கேட்டிருக்கும். வெண்டெல் அந்தக் கள்ளிச்செடிக்கு முத்தம் குடுத்துட்டு உதட்டைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான்.

நாங்க ரூமுக்குள்ள ஆடிக்கிட்டு இருக்கிறப்போ டீச்சர் வந்தாங்க, அக்குள்ள ஒரு துணிச்சுருளோட. பச்சைத் தூளி, மடிப்புக் கலையாதது.

"எனக்கொரு கொக்கி இருக்கா?"ன்னாங்க.

இல்ல டீச்சர், படகு நிரம்பிடுச்சு, அடுத்த படகுல வாங்கன்னான் அண்ணன். அண்ணன்கா. ஜோக் அடிச்சான், அதுவும் அவங்ககிட்ட. அப்புறம் அவனே எழுந்து, அவன் கொக்கியிலயே அவங்க கயித்தையும் சேர்த்துக் கட்டினான். அவங்க ஏறிப் படுத்ததும் எங்க எல்லார் மேலயும் ஒரு இடி இடிச்சுது பாரு.

சரி, முடிச்சிடறேன். அடுத்த வாரம் நிஜப் பரீட்சைக்கு முன்னப்பின்ன தெரியாத ஸ்கூல், முன்னாடி யார் உக்காருவாங்கன்னு தெரியாது. பயமாத்தான் இருக்கு. இதை அவன்கிட்டயும் சாயங்காலம் சொன்னேன். அந்த நாற்காலியையும் உந்திப் பார்க்கிறேன், திட்டினா திட்டட்டும்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டான்.

இப்போ கூட, பேசிக்கிட்டே சுவத்தை உந்திட்டேன் போல, என் தூளி அவன் மேல போய் இடிச்சிடுச்சு. இரு. குறட்டை நின்னுச்சு.

"தூங்குடி"ங்கறான். கேட்டுச்சா? இரு, காலால என்னைத் திருப்பி உந்துறான்.