நூறு டிகிரியில் திரும்பிய வண்டி

எங்கள் வீட்டில் சுற்றுகிற எதைப் பற்றியும் என் மாமனார் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மிக்ஸி, கிரைண்டர், கிணற்று மோட்டார் எதுவானாலும் முதலில் அவர் காதுக்குப் போகும், அப்புறம்தான் கடைக்குப் போகும். கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தவர் அவர், நரசிம்மலு. பட்டறையை விற்ற பிறகும் அந்த அதிகாரத்தை மட்டும் விற்கவில்லை.

அதனால் கார் சூடாகிறது என்று அவர் சொன்னதும் நம்பினேன். நம்பாமல்? நான் படித்தது பி.காம்.

வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிசுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. என் கணவர் சசிதருக்குப் பெங்களூரில் உத்தியோகம். சனிக்கிழமை ராத்திரி வருவார், அப்பாவிடம் தைரியமாக இருங்கள் என்பார், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். தைரியம் சொல்ல என்ன செலவு? கோவில்பாளையத்திலிருந்து சத்தி ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து பீளமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வரும்வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, மறுபடி ஊர்ந்து வீடு வருகிறவள் நான். வந்ததும் சமையல் வேறு. எனக்கு அலுப்பு என்று சொன்னால் அது சின்னச் சொல்.

காரை வாங்கிக்கொடுத்ததும் சசிதர்தான். சின்ன வண்டி, டர்போ இன்ஜின். வண்டியின் போர்டில் சூட்டைக் காட்ட நாலைந்து கோடுகள்தான் உண்டு, எண் கிடையாது. மாமாவுக்கு அது போதவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற குட்டிக் கருவி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். அது இன்ஜினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் தண்ணீரின் சூட்டை அவருடைய செல்போனில் எண்ணாகவே காட்டும். அன்றிலிருந்து என் பக்கத்து சீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு, "எண்பத்தெட்டு... தொண்ணூத்தி மூணு..." என்று ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். என்னவோ, மனுஷருக்குப் பொழுது போகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் தடவை சரவணம்பட்டி சிக்னலில் நடந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வண்டிகள் நகரவே இல்லை.

"அம்மணி, நூறு தொட்டுப்போச்சு. ஏசிய நிறுத்து."

நிறுத்தினேன்.

"ஹீட்டரை முழுசாப் போடு. இன்ஜின் சூட்ட அது இழுத்துப்போடும்."

சித்திரை வெயிலில் ஹீட்டர்! சிக்னலில் நின்ற பைக்காரர்கள் எல்லாம் நான் வேர்த்து ஒழுகுவதை வேடிக்கை பார்த்தார்கள். போனில் நூற்றிரண்டு வந்தது. மாமா தலையை ஆட்டினார்.

"திருப்பு கண்ணு. தண்ணி நூறுல கொதிக்கும், உனக்குத் தெரியாதா? இப்படியே போனா இன்ஜின் ஹெட்டு போயிரும்."

"கணபதில மெக்கானிக் அஃபான் பட்டறைல காட்டிப்போடலாமுங்க மாமா. நீங்க வேணா ஒரு டாக்சில..."

"வாடகை வண்டில நான் ஏறமாட்டேன். திருப்புன்னா திருப்பு."

திருப்பினேன். ஆஸ்பத்திரியில் நேரம் தவறினால் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தவணை போனது போனதுதான். வீட்டுக்கு வந்து அவர் பேப்பர் படித்தார். நான் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

அடுத்த தவணைக்கு ஒழுங்காகப் போய்வந்தோம். அதற்கடுத்த தடவை மறுபடி நூறு, மறுபடி ஹீட்டர், மறுபடி திருப்பு. சொன்னால் வெட்கம், அன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்கும் தூங்கினேன்.

சசிதர் வந்து போன மறுநாள், திங்கட்கிழமை எழுந்து பார்த்தால் மாமாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முதுகுக்குத் தலையணை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் மெர்சிக்குப் போன் போட்டேன். அவள் எப்போதும் பொறுமையாகப் பேசுகிறவள். அன்றைக்குப் பொறுமை இல்லை.

"ஏனுங்கக்கா, வெளையாடறீங்களா? தண்ணி உள்ளயே தங்குது. இன்னொரு தடவ உட்டீங்கன்னா நுரையீரல்ல ஏறிப்போடும். அப்புறம் மெஷின் இருந்தும் பிரயோசனம் இல்லீங்க."

போனை வைத்ததும் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கணபதிக்கு ஓடினேன். அஃபான் பேனட்டைத் திறந்து பார்த்தான். தன்னிடமிருந்த ஸ்கேனரை மாட்டினான். ஏசியைப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே உறும விட்டான். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. நூற்றிரண்டில் முன்னால் இருந்த விசிறி குபீரென்று ஓட ஆரம்பித்தது, எண் மெல்ல மெல்ல இறங்கித் தொண்ணூற்றைந்துக்கு வந்தது.

"அவ்வளவுதானுங்கக்கா. வண்டி நல்லா இருக்குது."

"நூறு தாண்டுச்சேப்பா?"

"டர்போ வண்டிக்குத் தொண்ணூறுல இருந்து நூத்தஞ்சு வரைக்கும் நார்மலுங்க. இது பச்சத்தண்ணி இல்ல, கூலன்ட் கலந்தது. ரேடியேட்டர் மூடி அழுத்திப் புடிச்சிருக்கறதால நூறுல கொதிக்காது. செவப்பு லைட் எரிஞ்சா மட்டும் நிறுத்துங்க." கையைத் துடைத்தபடியே சொன்னான். "அதான் பெரியவருக்கு எல்லாம் வெவரமாச் சொன்னனுங்களே?"

"எந்தப் பெரியவருக்கு?"

"உங்க மாமாவுக்குத்தான். ரம்ஜான் நோம்பு முடிஞ்ச வாரம் போன் போட்டாரு. எத்தன டிகிரி வரைக்கும் நார்மல், விசிறி எப்ப ஓடும்னு நோண்டி நோண்டிக் கேட்டாரு. 'அப்ப நூறுன்னாலும் பயம் இல்ல'ன்னு சிரிச்சாருங்க."

நோன்பு முடிந்த வாரம். நாங்கள் முதல் தடவை திரும்பி வந்ததற்கு முந்தின வாரம் அது.

கேட்கிறவன் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களே, அந்தக் கேனை நான்தான். எல்லாம் தெரிந்துகொண்டே என்னை வெயிலில் ஹீட்டர் போட வைத்திருக்கிறார் மனுஷர்! வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். துடியலூர்ப் பிரிவு தாண்டியபோதுதான் திட்டு நின்றது. எதற்காக அந்தப் பொய் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை, பயம்தான் வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒன்றும் சொல்லாமல் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செருப்பு நுழையாமல் வெறுங்காலோடுதான் ஏறினார். சரவணம்பட்டியில் வழக்கமான நெரிசல்.

"தொண்ணூத்தெட்டு... நூறு. திருப்பு அம்மணி."

திருப்பவில்லை. ஒரு பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேச்சு. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் மட்டும்தான் வரும்.

"அஃபானப் பாத்துட்டு வந்தனுங்க மாமா."

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"போக வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லுங்க. வண்டி மேல எதுக்குப் பழியப் போடறீங்க?"

"வேண்டாம் அம்மணி," என்றார்.

கேட்டவள் நான்தான். ஆனால் அவர் அப்படிச் சட்டென்று சொல்லிவிடுவார் என்று நினைக்கவில்லை.

"அந்தக் கட்டிலு, அந்த ஊசி, அதுக்கப்புறம் ரெண்டு நாளு அடிச்சுப் போட்டாப்புல கெடக்கறது. தேறி எந்திரிச்சா மறுபடி கட்டிலு. அலுத்துப்போச்சு."

"உங்க பையன்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா அழுவான். டாக்டரு நாலு பேர உக்கார வெச்சுப் புத்தி சொல்வாரு. வண்டி சூடாயிருச்சுன்னா ஆரும் அழுவறதில்ல பாரு."

"என்னையப் பத்தி நெனச்சீங்களா? எனக்கு மட்டும் அலுப்பு இல்லீங்களா?"

"இருக்குதுன்னு தெரியும். திரும்பி வந்த அன்னிக்கெல்லாம் நல்லாத் தூங்கினே. நான் பாத்தேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. கிரைண்டரில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். நான் ஸ்டியரிங் மேலேயே குனிந்து அழுதேன். அவர் செத்துப்போய்விடுவார் என்று அழுதேனா, நான் தூங்கியதை அவர் பார்த்துவிட்டாரே என்று அழுதேனா, எனக்கே தெரியாது. பின்னால் ஒரு டவுன்பஸ்காரன் நகரச் சொல்லி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மாமாவுக்கு மூச்சு இரைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே, ஒன்றும் செய்யாமலே இரைத்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாங்க மாமா."

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டுமா?"

"ஆமாங்க. இன்னிக்கு மட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

வியாழக்கிழமையும் இதையேதான் சொல்லப்போகிறேன், சனிக்கிழமையும் இதையேதான் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

"செரி, எடு," என்றார்.