காது சொன்ன தீர்ப்பு

தாராவி மெயின் ரோட்டில் கணேசபாண்டியனின் ஒலிபெருக்கிக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகையினர். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் ஒரு வகை. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும், வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து, சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்குகிறவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையினர் அவருடைய கைக்காக வரவில்லை, காதுக்காக வந்தார்கள். ஓசையை அச்சு அசலாகத் தரும் கருவிகளைக் குறிக்கும் ஹை-ஃபை என்ற சொல் பம்பாய்த் தமிழர் வீடுகளில் புழங்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒளிரும் கண்ணாடிக் குழலான வால்வு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைக் கண்ணால் பாராமல் காதால் கேட்டே கணேசபாண்டியன் சொல்லிவிடுவார் என்று அவர்கள் நம்பினார்கள். அவரும் நம்பினார். சொன்னது சரிதானா என்று ஒருவரும் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்தக் காதை நம்பித்தான் அவர் ஒரு மனிதனைத் திருடன் என்றார்.

அவன் பெயர் வெயிலுமுத்து. கணேசபாண்டியனின் மனைவி ஆறுமுகத்தாயின் உடன்பிறந்த தம்பி. கடையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். 1963ஆம் ஆண்டில், மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருந்த சங்கரநாராயணனின் இங்கிலாந்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று புகைந்துபோய்க் கடைக்கு வந்தது. வெயிலுமுத்து அதைப் பழுது பார்த்தான். சங்கரநாராயணன் வந்து எடுத்துப்போக நின்ற வேளையில், இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்ட கணேசபாண்டியன் முகம் சுளித்தார். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அந்தக் கனத்த இடப்பக்கத்து ஓசை, செத்துக் கிடப்பதாக அவருக்குப் பட்டது. முந்தைய நாள் வெயிலுமுத்து ஒரு பொட்டலத்தோடு, பழைய ரேடியோச் சாமான் வாங்கி விற்கும் கிராண்ட் ரோடு பக்கம் போய், வெறுங்கையோடு திரும்பியதை அவர் பார்த்திருந்தார். கண் பார்த்தது காதுக்குள் இறங்கிவிட்டது. ஸ்பீக்கருக்கு ஓசையை அனுப்பும் அசல் டிரான்ஸ்ஃபார்மரை உருவி விற்றுவிட்டு, உள்ளூரில் சுற்றிய போலி ஒன்றை அவன் மாட்டியிருப்பதாக, சங்கரநாராயணனின் முன்னிலையிலேயே அறிவித்தார்.

பொட்டலத்தில் போனது விற்பனைக்குத் தான் சுட்டுக் கொடுத்தனுப்பிய முறுக்கு என்று ஆறுமுகத்தாய் சொன்னாள். தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அதைத் தள்ளினார். அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எடுத்துவிட்டு, அதே கம்பெனியின் வேறொன்றைத் தேடி வாங்கி மாட்டிக் கொடுத்தார். சங்கரநாராயணன் கேட்டுவிட்டு, “உசிரு வந்துட்டுவே!” என்று தொடையில் தட்டினார்.

கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கடையின் மேல்தட்டில் கிடந்தது. அது தகரப் பெட்டிக்குள் தார் ஊற்றி அடைக்கப்பட்டது. அசலா போலியா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுப்பில் வைத்துத் தாரை உருக்கிப் பார்க்க அரைமணி நேரம் போதும். மூன்று ஆண்டுகளில் அந்த அரைமணி நேரம் கணேசபாண்டியனுக்குக் கிடைக்கவில்லை. ஒருவன்மீது பழி சுமத்த ஒரு நொடி போதுமாயிருந்தவருக்கு, அந்தப் பழியை மெய்ப்பிக்க நேரமில்லாமற் போயிற்று. இது உலகத்தில் வழக்கம் என்பார்கள். வழக்கமாயிருப்பதனாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

வெயிலுமுத்துவை அதன்பிறகு அந்தத் தொழிலில் ஒருவரும் சேர்க்கவில்லை. ஆண்டாப் ஹில்லில் ஒரு குடிசையில் போய் இருந்துகொண்டு, துறைமுகத்தில் கப்பல் பாய்லருக்குள் இறங்கித் துருவைச் சுத்தியலால் அடித்து உதிர்க்கும் கூலியானான்.

1966ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முறுக்கு சுட்ட எண்ணெய்க் கையோடு ஆறுமுகத்தாய் கடைக்குள் வந்து நின்றாள்.

“தம்பி பொண்டாட்டி அம்மிணி வந்துட்டுப் போறா. பாய்லர் வேலையில இருந்து அவன நிப்பாட்டிட்டானுவளாம். இங்கன ஒரு ஓரமா இருந்து கம்பி சுத்தட்டுமே.”

“திருடன உள்ள விடச் சொல்லுதியா?”

“அவன் திருடுனத யாரு பாத்தா?”

“பாக்க வேண்டாம்ட்டி. நான் கேட்டேன்.”

“கேட்டத எனக்கும் காட்டுங்க.”

“முறுக்குக்காரிக்கு ஹை-ஃபை கேக்குதோ?” என்று கணேசபாண்டியன் சிரித்தார்.

ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. “தெரியாதவதான கேக்குதேன். நீங்க செவுத்தப் பாத்து ஒக்காருங்க. நான் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமாவது தள்ளுதேன். எது அசலு, எது போலின்னு சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டியன்னா அவம் பேர இந்த வாயால எடுக்க மாட்டேன். தப்பிட்டுன்னா அவம் பேர நீங்க திருப்பிக் குடுக்கணும்.”

தோற்போம் என்ற எண்ணம் அவருக்கு எள்ளளவும் இல்லை. மேல்தட்டிலிருந்து பழைய டிரான்ஸ்ஃபார்மரை இறக்கித் தூசி துடைத்தார். ஓர் ஆம்ப்ளிஃபயரில் அதையும், ஐயத்துக்கு இடமில்லாத அசல் ஒன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து, நடுவில் ஒரு சுவிட்சைப் பொருத்தினார். இடப்புறம் தள்ளினால் அசல் பேசும். வலப்புறம் தள்ளினால் பழையது பேசும். மிருதங்கம் தனியாக ஒலிக்கும் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, சுவரைப் பார்த்து நாற்காலியில் அமர்ந்தார்.

பின்னால் ‘டக்’ என்று கேட்டது.

“போலி,” என்றார். “தொப்பியப் பாரு, சாக்கு மூட்டைய அடிச்ச மாரி.”

மீண்டும் ‘டக்’.

“இதான் அசலு. விரலு தோலுல படுதது கேக்குதா? எங்கன கேக்கப் போவுது ஒனக்கு!”

எட்டு முறை ‘டக்’ என்றது. எட்டு முறையும் அவர் தயங்கவில்லை. நான்கு முறை அசல் என்றார். நான்கு முறை போலி என்றார். பிறகு வெற்றிலையை மடித்தபடி திரும்பினார்.

ஆறுமுகத்தாயின் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதன் மரப்பிடியால் பலகையைத் தட்டிக் காட்டினாள். ‘டக்’.

“நான் சுவிட்சத் தொடவே இல்ல,” என்றாள்.

கணேசபாண்டியன் சுவிட்சைப் பார்த்தார். அவர் விட்டுப்போன வலப்புறத்திலேயே அது இருந்தது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை பேசியது மேல்தட்டில் கிடந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். அதையே நான்கு முறை உயிருள்ளது என்றும், நான்கு முறை செத்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

“இது ஏமாத்து வேலை,” என்றார் வெடுக்கென்று.

“ஆமா, ஏமாத்துதான். ஒரே சட்டியில சுட்ட முறுக்க ரெண்டு டின்னுல போட்டு, ஒண்ணு நெய்யின்னு சொல்லிப் பாருங்க. மோந்து பாத்துட்டு நெய் மணக்குன்னு மாட்டுங்காக்காரவ அதத்தான் கேப்பாவ. நாக்குக்கு உள்ளது காதுக்கு இருக்காதா? நான் ஏமாத்துனேன், நீங்க ஏமாந்திய. எந் தம்பி யார ஏமாத்துனான்?”

அவர் பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, அதன்மேல் ஒரு சட்டியில் வைத்தார். தார் இளகிக் கொப்பளித்தது. கடை முழுவதும் கரும்புகை சூழ்ந்தது. இடுக்கியால் சுருளை வெளியே இழுத்தார். கம்பிச் சுருளைச் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தில் அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. அதன்கீழே ஓர் எண் இருந்தது. 1963ஆம் ஆண்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். சங்கரநாராயணனின் ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே, பெட்டியின் முதுகிலிருந்து அவர் கையாலேயே குறித்துவைத்த அதே எண் இருந்தது.

ஆறுமுகத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அன்று பிற்பகல் அவர் பஸ் ஏறி ஆண்டாப் ஹில்லுக்குப் போனார். குடிசை வாசலில் வெயிலுமுத்து குந்தியிருந்தான். முப்பது வயதுக்காரன், ஐம்பது வயதுக்காரனைப் போலிருந்தான். கணேசபாண்டியன் அவன் அருகில் குனிந்து, அக்கம்பக்கம் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னார்: “மாப்ள, தப்பு எம்மேலதான். நீ எடுக்கல.”

வெயிலுமுத்து அவருடைய வாயைக் கூர்ந்து பார்த்தான்.

“என்ன அத்தான்?”

“நீ எடுக்கலன்னு சொல்லுதேன்.”

“சத்தமாச் சொல்லுங்க அண்ணே,” என்று உள்ளேயிருந்து அம்மிணி குரல் கொடுத்தாள். “பாய்லருக்குள்ள சுத்தியல் அடிச்சு அடிச்சுக் காது அடஞ்சு போச்சு. வேலைய விட்டு நிப்பாட்டுனதே அதனாலதான். மேஸ்திரி ‘நிறுத்து’ன்னா இவுகளுக்குக் கேக்கல.”

கணேசபாண்டியன் நிமிர்ந்தார். அவனுடைய காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தவர், சந்து நடுவில் நின்று கத்த வேண்டியதாயிற்று.

“நீ திருடல! டிரான்ஸ்ஃபார்மர நீ எடுக்கல! நான் சொன்னதுதான் தப்பு!”

எதிர்க்குடிசையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். குழாயடியிலிருந்து இருவர் வந்தார்கள். “க்யா ஹுவா? கோன் சோர்?” என்று, திருடன் யார் என இந்தியில் ஒருவன் கேட்டான். அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், விளங்கிய சொல் ‘திருட்டு’ ஒன்றுதான்.

வெயிலுமுத்துவுக்குக் கேட்டுவிட்டது. அவன் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. கூடியிருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“எம்மேல இப்படி ஒரு பழி இருந்தது இந்தச் சந்துல ஒருத்தருக்கும் தெரியாது அத்தான். இப்பத் தெரிஞ்சு போச்சு. இங்கன கத்தி என்ன பிரயோசனம்? மாட்டுங்காவுலல்லா எம் பேரக் கெடுத்திய. அங்கன போயிக் கத்துங்க.”

“சொல்லுதேன்,” என்று கத்தினார் கணேசபாண்டியன்.

“நானும் வாரேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் மாட்டுங்காவுக்குப் போனார்கள். வெயிலுமுத்து சலவைச் சட்டை போட்டிருந்தான். சங்கரநாராயணனின் வீட்டுக்குக் கீழே வந்ததும், “நான் கீழ நிக்கேன். அவுக நம்பிட்டாவன்னா கூப்பிடுங்க,” என்றான்.

மாடியில் சங்கரநாராயணன் இரண்டு நண்பர்களோடு அமர்ந்து இசைத்தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கணேசபாண்டியன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்க்ரூடிரைவர்ப் பிடியால் தட்டியதையும் விடவில்லை. தாரிலிருந்து எடுத்த எண்ணெய்க் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

சங்கரநாராயணன் அதைத் தொடவில்லை.

“என்னவே இது? பொஞ்சாதி தம்பியக் கரையேத்த வந்தீராக்கும்?”

“இல்ல அண்ணாச்சி. எண்ணப் பாருங்க, ஒங்க பெட்டி முதுகுல உள்ளதேதான். ரெண்டும் ஒரே சாமான். செத்ததுன்னு கழட்டுனதும் அதே கம்பெனிதான், உசிரு வந்துட்டுன்னு மாட்டுனதும் அதே கம்பெனிதான்.”

“அப்பம் எங் காது பொய் சொல்லுதுங்கீரா? கழட்டுததுக்கு முன்னால நானும் இருந்துல்லா கேட்டேன். தொப்பி செத்துத்தான் கிடந்துது. நீரு புதுச மாட்டுனதும் சத்தம் பொங்கி வந்துது. இன்னைக்கும் வருது, கேளும்.”

“நான் சொன்னதுனாலதான் ஒங்களுக்கு அப்படிக் கேட்டுது அண்ணாச்சி.”

நண்பர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். “நல்ல ரிப்பேர்க்காரர்தான் ஓய்! தமக்குக் காது இல்லேங்கறார், உமக்கும் இல்லேங்கறார்.”

சங்கரநாராயணனின் முகம் கறுத்தது. பிழை தனியறையில் சுட்டிக் காட்டப்பட்டால் மனிதன் திருந்துவதுண்டு. விருந்தினரின் முன்னால் சுட்டிக் காட்டப்பட்டால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான்.

“பெரிய மனசு பண்ணி நீங்களே ஒருக்கா சோதிச்சுப் பாக்கியளா? சுவிட்ச நான் கொண்டாந்திருக்கேன்,” என்றார் கணேசபாண்டியன்.

“எங் காதுக்கா சோதன வைக்கப் பாக்கீரு? போவும். கள்ளன் கள்ளன்தான். ஒமக்கும் இனிமே இங்கன வேல இல்ல. செம்பூர்க்காரவங்ககிட்டயும் சொல்லிருதேன்.”

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே சொல்லால் கெடுத்த பெயரை, அன்று அரைமணி நேரம் மன்றாடியும் மீட்க முடியவில்லை. கெடுத்தபோது சான்று கேளாமல் நம்பியவர்கள், மீட்க வந்தபோது சான்று காட்டியும் நம்பவில்லை. கணேசபாண்டியன் எண்ணெய்க் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கீழே வெயிலுமுத்து அவருடைய முகத்தைப் பார்த்தான். கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் கேட்டான்.

“சொன்னியளா?”

அவர் தலையசைத்தார்.

“நம்பலியோ?”

அவர் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயிலுமுத்து அண்ணாந்து மாடி சன்னலைப் பார்த்தான். அங்கே திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

“தட்டு ஓடுதா அத்தான்? எனக்கு ஒண்ணும் கேக்கல. எப்படி இருக்கு சத்தம்?”

மேலே மிருதங்கம் தொடங்கியிருந்தது. கணேசபாண்டியன் கேட்டார். கேட்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டும் கேட்டது. தொப்பி நிறைந்து, உருண்டு, உயிரோடு வந்தது. தார்க்கறை படிந்த காகிதம் சட்டைப்பையில் இருக்க, அவருடைய காது மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே எந்தக் கூச்சமும் இல்லாமல் திரும்பவும் சொல்லிற்று.

“சொல்லுங்க அத்தான். ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணுதான்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் கணேசபாண்டியன். கத்திவிட்டு, வெயிலுமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, மிருதங்கம் எட்டாத தூரத்துக்கு விரைந்து நடந்தார்.