பாசி மூடிய கூடை

தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு என் மனைவி ஏஞ்சலின் எழுந்துவிட்டாள். "இது ஏரி எறா இல்ல, குட்டை எறா. மண்ணு வாசனை அடிக்குது. பீவிக்கா ஏமாத்திட்டாங்க."

நானும் ஒன்றை மென்று பார்த்தேன். சரிதான். பழவேற்காடு ஏரியில் ஓடித் திரியும் இறாலின் சதை இறுகி, லேசாக இனிக்கும். குட்டையில் தீவனம் தின்று வளர்வது மெத்தென்றிருக்கும். இரண்டாயிரத்து நாலில், கும்மிடிப்பூண்டி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இறால் பெட்டிகளுக்குக் குறியீடு ஒட்டிக்கொண்டிருந்தேன். முதல் எழுத்து பண்ணை, அடுத்தது குட்டை, பிறகு பிடித்த தேதி. கடல் தாண்டி யாரோ சந்தேகப்பட்டால், பெட்டியிலிருந்து பின்னோக்கி வந்து அந்தக் குட்டைக் கரையிலேயே நிற்கலாம். இதை நான் விளக்கும்போதெல்லாம், "எனக்கு பீவிக்கா மூஞ்சி போதும், போய்யா" என்பாள் ஏஞ்சலின்.

அந்த முகம்தான் இப்போது பொய்த்துவிட்டது. குழாயடியில் பேச்சு பரவியது. அடுத்த முறை, எங்கள் தெருவுக்கு இறால் விற்க வரும் பீவி ஜான் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூடையோடு வந்தபோது, எங்கள் லைன் வீடுகளில் ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசி வீடான எங்கள் வாசலில் கூடையை இறக்கினார்.

"இன்னாம்மா ஏஞ்சலு, தெருவே நோன்பா?"

"ஏரி எறான்னு குட்டை எறா குடுத்தா எவ வாங்குவா?"

"ஏரி எறான்னு நான் சொன்னனா? மொகத்துவாரம் மண்ணு மூடிக்கினு கெடக்குது. கடல் தண்ணியே உள்ள வரல, ஏரில ஏது எறா? அன்னிக்கு கூடைல பாசி இருந்துச்சா, நெனச்சுப் பாரு."

"பாசி, எறா வாடாம இருக்கத்தானே?"

"அதுக்கு ஈரக் கோணி போதாதா? ஏரில புடிச்சா ஏரிப் பாசிய மேல போட்டு எடுத்தாருவோம். குட்டைன்னா வெறும் கோணி. அதான் வெலையும் கொறச்சேன்."

"நான் பேரம் பேசித்தான் கொறஞ்சுதுன்னு நெனச்சேன்."

பீவி ஜானுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. இத்தனை வருடம் யாரும் கேட்காததால், எல்லோருக்கும் தெரியும் என்றே இருந்துவிட்டார். என் குறியீட்டைப் படிக்க ஒரு கையேடு கூடவே கப்பலேறும். பாசிக்கு அப்படி எதுவும் இல்லை.

அன்றும் கூடையில் வெறும் கோணிதான். ஏஞ்சலின் ஒருத்திதான் வாங்கினாள். "குட்டை எறாதான், தெரிஞ்சேதான் வாங்குறேன்" என்று பக்கத்து வீட்டு கிரேஸுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். அந்தக் கதவு அசையவில்லை. அதன்பின் பீவி ஜான் வரவில்லை. வேறு யாரிடமோ வாங்கினோம். எங்கே பிடித்தது என்று ஏஞ்சலின் ஒவ்வொரு முறையும் கேட்டாள். எல்லோரும் ஏரி என்றார்கள்.

மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் திறந்தது என்றார்கள். ஒரு காலை வாசலுக்கு வந்தால், தெருமுனையில் பீவி ஜான். கூடையின் இருபுறமும் பாசி பச்சையாகத் தொங்கியது, தேவைக்கு மிக அதிகமாகவே. அவர் குரல் கொடுக்கவில்லை. ஏஞ்சலின் சட்டியோடு வந்து நின்றாள். கிரேஸ் வீட்டில் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. பாசியிலிருந்து சொட்டிய ஏரித் தண்ணீர், பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு வரை, புழுதியில் ஒரே கோடாக வந்துகொண்டிருந்தது.