மெடோலார்க் தெரு வாக்குச்சாவடி

2007 ஆகஸ்டிலிருந்து ஸ்டாக்டன் நகரத்து மெடோலார்க் தெருவில் வீடுகள் மாதத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் சிறுத்து வந்தன. வீட்டு விலை இறங்க இறங்கக் கூரையும் இறங்கியது. உள்ளே இருந்த சாமான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் குளிர்சாதனப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கூரையில் முட்டி நின்றன. காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். தீ, வெள்ளம், மரம் விழுதல் ஆகியவற்றுக்கு ஈடு உண்டு, சிறுத்தலுக்கு இல்லை என்று பதில் வந்தது. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வருடம் தக்காளி விளைச்சல் பரவாயில்லை.

தெருவில் பாதிப் பேருக்கு வீட்டுக் கடன் வாங்கிக் கொடுத்தவன் லைல் பெட்டன்கோர்ட். முதல் இரண்டு வருடம் தவணை கொசுக்கடி போல இருக்கும், மூன்றாம் வருடம்தான் கடித்தது கொசு அல்ல என்று தெரியும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது தெரியாதவர்கள் இல்லை நாங்கள். ஆனால் லைல் பேச ஆரம்பித்தால் நம் விரல் யானைக்கால் அளவுக்குத் தெரியும். இதை எழுதுகிறவனும் அவன் நீட்டிய பேனாவில் கையெழுத்துப் போட்டவன்தான். அவனைத் திட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அவனே அதே கடனை அதே பேனாவில் வாங்கியிருந்தான். அவன் வேலை பார்த்த கடன் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு லைலுக்குப் போக்கிடம் டெலிவிஷன் ஒன்றுதான். ஜனாதிபதி தேர்தல் சூடு பிடித்திருந்தது. ஓஹையோவில் யார் முந்துகிறார், ஃப்ளோரிடாவில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். தன் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிவான். வேட்பாளர் யாராவது ‘வீட்டுக்காரர்கள்’ என்று வாயெடுத்தால் போதும், அண்ணாந்து கூரையைப் பார்ப்பான். மிச்சிகனில் ஒருவர் பேசியபோது மயிரிழை ஏறியது என்று சத்தியம் செய்தான். நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றோம்.

அவன் மனைவி காரீன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். ஆறடி ஓரங்குலம், அவனைவிட ஓரங்குலம் கூடுதல். கூரை ஆறடிக்கு இறங்கிய அடுத்த வருட ஆகஸ்டிலிருந்து அவள் வீட்டுக்குள் நிமிர்ந்ததில்லை. அக்டோபரில் வேட்பாளர்களின் கடைசி விவாதம் முடிந்த மறுநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“லைல், ரெண்டு மாசமா நான் அடுப்புகிட்ட நிமிர்ந்து நிக்கல.”

“நவம்பர் வரைக்கும் பொறு. ரெண்டு பேர்ல யாரு வந்தாலும் நம்மளத்தான் மொதல்ல பாப்பாங்க. நேத்துகூட சொன்னாங்களே.”

“நீயுந்தான் சொன்ன, விலை ஏறிக்கிட்டே இருக்கும்னு. குனியக் குனியக் குட்டத்தான் செய்வாங்க. எலெக்‌ஷனுக்கு மறுநாளும் நான் குனிஞ்சே காபி போடணும்னா, ஃப்ரெஸ்னோவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அவ வாடகை வீட்டுலதான் இருக்கா. நிமிர்ந்து நிக்கிறா.”

லைல் டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்தான். இருபத்தாறு வருடத்தில் அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி லைலின் கார் ஷெட்தான். ஐந்து தேர்தலாக அங்கேதான் ஓட்டு. சாவடிக்கு நூறடிக்குள் கட்சிப் பலகை கூடாது என்பதால், தன் வாசலில் ஒன்றும் நடாமல் தான் நடுநிலை என்று பெருமை பேசுவான். மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் அதிகாரி இந்த முறை ஷெட்டுக்குள் வந்து, தலையை இடித்துக்கொண்டு, தெருவின் மற்ற ஷெட்டுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். இருப்பதில் இதுதான் உயரம் என்று சம்மதித்துப் போனார்.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. எதிர்வீட்டு ரொஹேலியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான்.

“சர்ச்சுலகூட நான் இவ்வளவு குனிஞ்சதில்ல, லைல்.”

“சர்ச்சுக்கு நீ எப்பப்பா போன?” என்றான் லைல்.

டெலிவிஷன்காரி ஒருத்தி தெருவோரமாக நின்று பார்த்தாள். இந்தப் பகுதி மக்கள் ஜனநாயகத்தின் சந்நிதியில் தலைவணங்கி நுழைகிறார்கள் என்று தழுதழுத்த குரலில் நாட்டுக்கே அறிவித்தாள். அதைப் பார்த்து எங்களுக்கும் கண் கலங்கியது.

முடிவு வந்தது. ஜெயித்தவர் நன்றாகப் பேசினார், தோற்றவரும் குறை வைக்கவில்லை. லைல் இருவர் பேச்சையும் கூரையைப் பார்த்தபடியே கேட்டான். ஐந்தடி ஆறங்குலத்தில் அது அசையாமல் இருந்தது.

காலையில் காரீன் பெட்டியைக் கட்டினாள். இரும்பு வாணலியை எடுக்க அடுப்படிக்குப் போனவள் முதுகு வலிக்கிறதே என்று தன்னையறியாமல் நிமிர்ந்தாள். தலை இடிக்கவில்லை.

“பாத்தியா, ஏறிடுச்சு,” என்று லைல் குதித்தான். “நான் சொன்னேன்ல.”

அவள் டேப்பை எடுத்து அளந்தாள். அதே ஐந்தடி ஆறங்குலம்தான். பிறகு அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“கூரை ஏறல, லைல். உன் பேன்ட்டப் பாரு.”

பேன்ட் அவன் செருப்பை மூடித் தரையில் குவிந்து கிடந்தது. அவளுடைய கை விரல்கள் சட்டைக் கைக்குள்ளேயே இருந்தன. லைல் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதான். “தெரு பூராவையும் நான்தான் இப்படி ஆக்கிட்டேன்,” என்றான். அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காரீன் பெட்டியைப் பார்த்தாள், வாணலியைப் பார்த்தாள்.

“அழாத. இந்த உயரத்துக்குத் தங்கச்சி வீட்டு அலமாரி எனக்கு எட்டாது,” என்று சொல்லி வாணலியை அடுப்பில் வைத்தாள்.

அந்த வாரம் தெருவில் எல்லோர் வீட்டிலும் பேன்ட் மடித்துத் தைத்தார்கள். ஓட்டுநர் உரிமத்தில் உயரம் திருத்த அலுவலகத்தில் தனி ஜன்னல் திறந்தார்கள். கூட்டம் இருந்தது, ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. அடுத்த தேர்தலுக்குக் கார் ஷெட் வசதியாக இருக்குமா என்று கவுண்டி கேட்டெழுதியபோது, வாக்காளர்கள் எல்லோரும் தாராளமாக நிமிர்ந்து நிற்கலாம் என்று லைல் பதில் போட்டான். உண்மைதான், நாங்கள் ஏழெட்டுப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.