நூற்றில் எண்பத்தைந்து பேரின் வேகம்

1
இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. குருபரப்பள்ளி அருகே, தொழிற்சாலைகளுக்குப் பிரியும் சாலையில், ‘50’ என்றிருந்த வேகப் பலகையைப் பிடுங்கிவிட்டு ‘80’ நட்டிருந்தார்கள். யார் கேட்டது என்று விசாரித்தேன். “வண்டிங்கதான்” என்றார்கள்.

முதல் தொடக்கம்: ‘அதிகாலைப் பனியில் அந்தச் சாலை ஒரு பாம்பைப் போல…’
[அடித்துவிட்டேன். சாலை சாலையைப் போலத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள்.]

2
அவள் அருணா. சிவில் டிப்ளமோ. பலகை மாறுவதற்கு முன்பு, சாலைக் கணக்கெடுப்பில் மூன்று நாள் வேலை. கையில் வேகம் அளக்கும் துப்பாக்கி. பார்த்துவிட்டால் ஓட்டுநர்கள் பிரேக்கை மிதிப்பார்கள் என்று பஞ்சர் கடைத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்க வந்த முனவர் பேகம் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னா பாப்பா, துப்பாக்கிய வெச்சிக்கினு யாரச் சுடப்போற?”

“வண்டி வேகம் பாக்கறேங்க்கா.”

“கொறைப்பாங்களா? தெனம் உசுரக் கையில புடிச்சிக்கினு ஓடறோம்.”

“கொறைக்கத்தாங்க்கா பாக்கறாங்க.”

அருணா அதை நம்பித்தான் சொன்னாள்.

3
வேக வரம்பு எப்படிப் பிறக்கிறது தெரியுமா? (அருணாவுக்காகத்தான் நானும் படித்தேன்.) தடையின்றி ஓடும் வண்டிகளின் வேகத்தை அளந்து, குறைந்ததிலிருந்து அடுக்குகிறார்கள். நூறு வண்டி என்றால் எண்பத்தைந்தாவது வண்டியின் வேகத்தையொட்டி வரம்பு. பெரும்பாலோர் புத்தியோடு ஓட்டுவார்கள் என்பது நம்பிக்கை. விபத்துகளையும் சாலையோரத்தையும் பார்க்கவேண்டும் என்றும் புத்தகம் சொல்கிறது. பார்த்தால்தானே! ஓட்டுகிறவர்கள் தங்கள் சட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். நடக்கிறவளுக்கு ஓட்டில்லை.

அருணாவின் தாளில் அந்த எண் எழுபத்தொன்பது. பலகை எண்பதானது.

4
பலகை மாறிய பதினோராம் நாள் காலை, முனவர் பேகம் சாலையில் கால் வைத்தபோது ஒரு வெள்ளைக் கார்…

[முதல் பிரதியில் அவளைப் பிழைக்க வைத்தேன். ஒரு கால் மட்டும் போனதாக எழுதினேன். கோழைத்தனம். அவள் அங்கேயே செத்துப்போனாள்.]

கார் எழுபத்தெட்டில் வந்திருந்தது. வரம்புக்குள்.

5
அருணா அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் ராஜப்பன் நல்ல மனிதர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கோபம் அவரோடு முடிந்துவிட்டது. அதனால் மாற்றினேன்.)

“நீ எடுத்த ரீடிங் கரெக்டுதாம்மா.”

“குறுக்க நடக்கறவங்கள யாரு சார் எண்ணுனா?”

“ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

“கொறைப்பாங்கன்னு அந்தக்காகிட்ட என் வாயால சொன்னேன் சார்.”

“அது உன் தப்பில்லம்மா.”

“அப்ப யாரு தப்பு?”

அவர் காலண்டரைப் பார்த்தார்.

6
முடிவு ஒன்று: பலகை மீண்டும் ஐம்பதாகிறது. [நீங்களே நம்பமாட்டீர்கள்.]

முடிவு இரண்டு: அருணா இரவோடு இரவாகப் பெயிண்ட் டப்பாவோடு… [இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.]

அவள் செய்தது இதுதான். மறுநாள் காலை துப்பாக்கி இல்லாமல் அங்கே போய், தட்டிக்கு முன்னால் நின்று, கடந்தவர்களை எண்ணினாள். ஒரு ஷிஃப்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஃபார்மில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, எண்ணை எழுதி, அலுவலகத்தில் கொடுத்தாள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பலகை அப்படியே இருக்கிறது.

இதற்கு மேல் எழுதமாட்டேன். எழுதினால் உங்களுக்கு ஆறுதலாகிவிடும். நாளைக் காலையும் நானூறு பேர் அந்தச் சாலையோரம் நிற்பார்கள். நீங்கள் காரில் வருவீர்கள். எண்பதுவரை போகலாம், சட்டம் உங்கள் பக்கம்.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.