படுக்க வைத்த துண்டு

பெரிய டாக்டர் அவளைப் ‘பாதிப்படிப்பு’ என்றுதான் கூப்பிடுவார். மருத்துவப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு, அவருடைய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்துச் சீவுகிறவள் அவள். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாள்.

அன்று ஒரு தையல்காரரின் கட்டைவிரலில் முளைத்த பட்டாணி அளவுச் சிவப்புக் கட்டியை வெட்டியெடுத்து அனுப்பியிருந்தார்கள்; அதன் சீவலைப் பார்த்து, டாக்டர் புற்று என்று எழுதியிருந்தார். மறுநாள் விரலை எடுத்துவிடுவார்கள்.

அவள் அந்தச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். புண்ணான மேற்பரப்பு மட்டுமே தெரிந்தது. வீக்கம், நெருக்கியடிக்கும் செல்கள், அங்கங்கே இரண்டாகப் பிரியும் செல்கள்; புற்றிலும் இப்படித்தான் தெரியும். அடிப்பகுதியே இல்லை. நிமிர்த்தி நிறுத்த வேண்டிய துண்டை அவளே படுக்க வைத்துப் பதித்திருந்தாள்.

யாரையும் கேட்காமல் மெழுகை உருக்கினாள்.

“அக்கா, கேக்காம உருக்கினா வேலை போயிரும்,” என்றாள் சாயம் போடுகிறவள்.

“போனா வேற வேலை. விரல் போனா?”

துண்டை நிறுத்திப் பதித்து, சீவி, சாயமேற்றினார்கள். இப்போது முழுக் கட்டியும் தெரிந்தது. கொத்துக் கொத்தாக மெல்லிய ரத்தக்குழாய்கள். கொத்துகளின் நடுவே அவற்றுக்கு ரத்தம் ஊட்டும் ஒரு தடித்த குழாய். இரு ஓரத்திலும் மேல்தோல் சட்டைக் காலர் போல உள்வாங்கி அணைத்திருந்தது.

தகட்டை டாக்டரின் மேசையில் வைத்தாள்.

“பாதிப்படிப்பு எனக்குப் பாடம் நடத்துதா?”

“மீதிப் பாதியை நீங்க பாத்துச் சொல்லுங்க சார்.”

வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். “செல்லு பிரியுதே.”

“வேகமா வளர்ற கட்டி, பிரியத்தான் செய்யும். குழாய்ச் சுவரைப் பாருங்க. எல்லாம் ஒத்தை வரிசை. ஒரு செல்லும் கோணல்மாணலா இல்ல.”

அவர் வெகுநேரம் தகட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு, “யாரைக் கேட்டு உருக்கின? விளக்கம் எழுதிக் குடு,” என்றார்.

மேலங்கிப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வைத்தாள். “எழுதிட்டேன். படுக்க வெச்சதும் நான், உருக்கினதும் நான். என் கையெழுத்து இருக்கு. இப்ப உங்க கையெழுத்து வேணும்.”

“வெளிய நில்லு.”

“நீங்க போன் பண்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்.”

அவர் அவளை முறைத்தார். பிறகு பழைய அறிக்கையைக் குறுக்கே அடித்து, ‘ரத்தக்குழாய்க் கட்டி, தீங்கற்றது’ என்று எழுதினார். அறுவைப் பிரிவுக்குப் போன் போட்டார். “அந்தக் கட்டைவிரல்... நாளைக்கு வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

விளக்கக் கடிதத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு, அவள் அடுத்த துண்டை நிறுத்தப் போனாள்.