டிரைவரம்மாவின் மாத்திரைகள்

பஸ் ஓட்டும் மனைவியை வீட்டிலும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார் முடிதிருத்துபவர். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது, பதினெட்டு வருடத்தில் அதுவே பேராக நிலைத்துவிட்டது. கீழே கடை, மேலே வீடு.

மழைத் தண்ணீர் தேங்கியிருந்த டெப்போ படியில் வழுக்கி விழுந்து அவள் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது வீரியமான வலி மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது. மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேரவே கூடாது. டாக்டர் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வீடு வந்து சேர்ந்த களைப்பில் பாதி காற்றோடு போயிற்று.

மாத்திரை வலியை அடக்கியது என்னவோ உண்மை. ஆனால் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பகலெல்லாம் நின்று வேலை பார்க்கும் மனுஷனிடம் இதையும் சொல்லிப் புலம்ப வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மத்தியானம். ஒருவருக்குப் பாதிச் சவரம் செய்த நிலையில், அவளுக்குத் தண்ணீர் வைக்க மறந்தது ஞாபகம் வந்து மாடிக்குப் போனார். குறட்டை கேட்டது. நன்றாகத் தூங்கட்டும் என்று திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடை நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போன எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார்! இது அந்தக் குறட்டை இல்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது போல ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. அவர் மனதுக்குள் ஒன்பது எண்ணிய பிறகுதான் அடுத்த இழுப்பு வந்தது.

"டிரைவரம்மா! ஏய், கண்ணைத் திற!"

தோளைப் பிடித்து உலுக்கினார். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது. உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் கீழே இருந்த வாடிக்கையாளர் ஒரு கன்னம் முழுக்க நுரையோடு ஓடி வந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவர்தான். போனில் சொன்னபடி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே கணவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மற்றவர் தெருவில் இறங்கி, பாதித் தாடியோடு கையை ஆட்டி வண்டிக்கு வழி காட்டினார்.

ஆம்புலன்ஸில் வந்தவர் அவள் மூக்கில் ஒரு மருந்தைப் பீய்ச்சினார், மூச்சுக் கருவியை முகத்தில் பொருத்தினார். இரண்டு மூன்று நிமிடம். கணவருக்கு அது ஒரு யுகம். பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. கண் திறந்தாள்.

"யாருங்க இவரு, பாதி தாடியோட?"

முடிதிருத்துபவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.

அந்த மருந்தின் வேகம் குறைந்தால் மூச்சு மறுபடி தடுமாறலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். வேறென்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது அவள் கணவரைப் பார்த்தாள்.

"உங்க அப்பா தவறின சமயம் உங்களுக்குக் குடுத்த தூக்க மாத்திரை, பீரோல இருந்துச்சு. ரெண்டு போட்டேன்."

"ரெண்டும் சேர்ந்தா மூச்சு விடணும்ங்கறதே உடம்புக்கு மறந்துடும்மா," என்றார் நர்ஸ்.

அவர் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "அதை நான் அப்பவே திருப்பிக் குடுத்திருக்கணும்."

"நான் உங்களைக் கேட்டிருக்கணும்."

இனி அந்த வலி மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்றாள். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "உடம்பு பழகியிருக்கும். திடீர்னு நிறுத்தினா படாதபாடு படுத்தும். கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்." மூக்கில் அடிக்கும் மருந்தையும் ஒன்று கொடுத்தனுப்பினார், ஆபத்துக்கு இருக்கட்டும் என்று.

மாத்திரைகள் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போயின. அளவு குறைந்த நாட்களில் அவளுக்கு வியர்த்தது, கொட்டாவியாக வந்தது, கால்கள் ஒரு இடத்தில் இருக்க மறுத்தன. எல்லாக் கோபமும் அவர் மேல்தான்.

"எண்ணி எண்ணிக் குடுக்கறீங்களே, நான் என்ன கைதியா?"

"சாவிய நீயே வச்சுக்க. எடுக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

சாவியை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலேயே போட்டாள். அன்றைக்குக் கடை நாற்காலியில் அவளைச் சாய்த்து, வெந்நீரில் தலை அலசிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "வலி இல்லைன்னு சொல்லல, தாங்கிக்கலாம்," என்றாள்.

ஆறாவது வாரம் மாத்திரை முழுசாக நின்றது. சவரத்துக்கு வந்த பாதித் தாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்: "முதுகு வலி உயிரை எடுக்குதுங்க. மிச்சம் இருந்தா ஒண்ணு குடுங்களேன்."

"முதுகு எடுக்காது, இதுதான் எடுக்கும். நேர்ல பாத்தீங்கல்ல? டாக்டர்கிட்ட போங்க," என்றாள் அவள். மிச்சத்தையும் பீரோவில் கிடந்ததையும் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். முதல் நாள் முடிதிருத்துபவர் கடையைப் பூட்டிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினார். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை. உட்காரத் தோன்றாமல், அவள் கைகள் ஸ்டியரிங்கைத் திருப்புவதையே பார்த்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"படியை மறைக்காதீங்க, உள்ள போங்க," என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.